ரயிலில் விட்ட கதை

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தபடி கேட்டார்: "தம்பி என்ன படிக்கிறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் முன்பின் தெரியாதவர் நம் படிப்பை விசாரித்தால், அடுத்து சத்து மாத்திரை டப்பா வரும், இல்லையென்றால் "பார்ட் டைம் பிஸ்னஸ்" வரும். என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு என்று சொன்னால், நாளைக்கு நன்றாகச் சம்பாதிக்கப்போகிறவன் என்று விடவே மாட்டார். "டீச்சர் டிரெய்னிங், அக்கா" என்று கதை விட்டேன்.

"என் மகனுக்குப் பின்னக் கணக்கே வரமாட்டேங்குது லா," என்றார். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைப் பிய்த்துச் சொல்லித்தரலாமே என்று ஆரம்பித்தவன், ஸ்டேஷன்கள் போனதே தெரியாமல் பேசினேன்.

கேஎல் சென்ட்ரல் நெருங்கியதும் அவர் பைக்குள் கையை விட்டார். வந்துடுச்சுடா டப்பா என்று நினைத்தேன். ரயில் டிக்கெட் கார்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இவ்வளவு ஆசையா படிக்கிறீங்க. என் மகனுக்கு உங்கள மாதிரி டீச்சர் கிடைக்கணும் தம்பி."

அவரைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஸ்டேஷனை விட்டு பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இறங்கி நடந்தபோது வேறொரு சந்தேகம் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷத்தில் என் என்ஜினியரிங் படிப்பைப் பற்றி நான் யாரிடமும் ஒரு ஸ்டேஷன் தூரம்கூடப் பேசியதில்லை.