பின்சீட் இல்லாத கார்

மலேசியாவின் கூலாய் நகரில் தொழிற்சாலை பஸ் ஓட்டும் கஸ்தூரி, ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். சிவப்பு நிறம். இரண்டே இருக்கைகள். துணிக் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேலே வானம்தான். ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்து, கப்பலேறி வந்து, ஸ்கூடாயில் பழைய கார் விற்கும் திடலில் நின்றுகொண்டிருந்த வண்டி. அதை அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் குடியிருப்புத் தாமானே எட்டிப் பார்த்தது.

"வெளியூர்ல படிக்கற மகளுக்கா?" என்று கேட்டார்கள்.

"எனக்கு."

"மகதானே ஓட்டப் போகுது?"

"எனக்குன்னு சொன்னேன்ல."

அவள் அப்படித்தான். லாபிஸ் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, பள்ளி முடிந்த கையோடு செனாய் தொழிற்சாலைக்கு ஆப்பரேட்டராக வந்தவள். தினமும் தன்னை ஏற்றிப் போன பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்து, அவர் கால் போவதையும் கை போவதையும் கவனித்துக்கொண்டே வருவாள். ஒரு நாள் ஆப்பரேட்டர் வேலையை விட்டுவிட்டு பஸ் லைசன்ஸுக்குப் போனாள். பொம்பளை ஓட்டும் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சில ஆண்கள் முரண்டு பிடித்தார்கள். கஸ்தூரி யாரையும் கெஞ்சவில்லை. கதவைத் திறந்து வைத்தாள், நேரமானதும் மூடினாள், ஏறியவர்களோடு போய்விட்டாள். ஏறாமல் நின்றவர்கள் மறுநாள் வாயை மூடிக்கொண்டு ஏறினார்கள்.

அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக அவள் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஆட்கள். குறட்டை விடுபவர்கள், போனில் சண்டை போடுபவர்கள், குளிர் போதவில்லை என்பவர்கள், குளிர் அதிகம் என்பவர்கள். பின்னால் யாருமே உட்கார முடியாத ஒரு வண்டி வேண்டும் என்று அவள் எந்த நாளில் நினைக்கத் தொடங்கினாளோ, அவளுக்கே தெரியாது.

அவள் கணவர் விஜயன் சிங்கப்பூரில் கிடங்கு மேற்பார்வையாளர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பின் திரும்புபவர். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அரிசி மூட்டைய எங்க வைப்ப?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க காடியில" என்று வாசலில் நின்ற அவருடைய காரைக் காட்டினாள்.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகத்தான் போயின. பிறகு கிளட்ச் மிதி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர ஆரம்பித்தது. இந்த மாதிரி வண்டியைக் கண்ட இடத்தில் விடக்கூடாது, கம்பெனியிடமே கொண்டுபோக வேண்டும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். கஸ்தூரி விடுப்பு எடுத்துக்கொண்டு, ஜொகூர் பாருவில் இருந்த கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனாள். உள்ளே நுழைந்து நிறுத்தும்போது மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

இடம் ஹோட்டல் மாதிரி இருந்தது. காப்பி இயந்திரம், தோல் சோபா, சில்லென்ற காற்று. கவுன்டரில் ரூபேந்திரன் என்ற இளைஞன். நல்ல பையன்தான், சிரித்துப் பேசினான். வண்டியை உள்ளே கொண்டுபோனார்கள். நெடுநேரம் கழித்து அவன் வந்தான்.

"ஆன்ட்டி, கிளட்ச் செட் முழுசா மாத்தணும். கியர் பாக்ஸ இறக்கணும். ஜாமான் ஜப்பான்லேர்ந்து வரணும், மாசக் கணக்கா ஆகலாம். அதுவரைக்கும் காடி இங்கயே இருக்கட்டும்."

"எது கெட்டிருக்கு?"

"இந்த வயசு காடிக்கு முழு செட்டுதான் மாத்துவோம் ஆன்ட்டி."

"அது சரி. கெட்டது எது? வந்து காட்டுங்க."

"கஸ்டமர் உள்ள போக முடியாது. சேஃப்டி ரூல்." அவன் சற்றுத் தயங்கினான். "அங்கிள் நம்பர் குடுங்களேன், நான் அவர்கிட்ட விளக்கிச் சொல்லிடறேன்."

கஸ்தூரிக்குக் காது மடல் சூடானது. "அங்கிள் இந்தக் காடிய ஓட்டினதே இல்ல. ஓட்டறது நான். வாங்கினது நான். எனக்கு விளக்கினா உங்களுக்கு வாய் வலிக்குமா?"

பையன் முகம் சிவந்துபோனது. "அப்படி இல்ல ஆன்ட்டி..."

"சாவியக் குடுங்க."

"அலமாக், ஆன்ட்டி, கிளட்ச் இல்லாம எப்படிப் போவீங்க? இழுவை லாரி கூப்பிடறேன் லா."

"குடுங்க தம்பி."

அவள் வண்டியில் ஏறி, செத்துக்கிடந்த மிதியை ஒப்புக்கு அழுத்திக்கொண்டு, முதல் கியரிலேயே சாவியைத் திருகினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, தவளைபோலத் தாவி நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நகர்ந்த பிறகு அவளுக்கு பயமில்லை. பழைய பஸ்களில் பாதி நாள் கிளட்ச் சரியாக வேலை செய்ததே இல்லை. எஞ்சின் சத்தத்தைக் காதால் பிடித்து, அது இறங்கும் நொடியில் கியரை வழுக்கிவிட்டால் உள்ளே போய்விடும். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்தாலே வேகத்தைக் குறைத்து ஊர்ந்தாள். பச்சை விழும்வரை நிற்காமல் இழுத்தாள். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டாள். டோலில் தடுப்பு தூக்கும்வரை நடைவேகத்தில் உருண்டு, நெடுஞ்சாலையில் ஏறியதும் கூரையைத் திறக்காமல் வந்துவிட்டோமே என்று வருத்தப்பட்டாள்.

அன்றிரவு சாப்பிடும்போது விஜயன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "செனாயில எனக்குத் தெரிஞ்ச ஃபோர்மன் இருக்கான். கமலநாதன். சொந்த ஒர்க்‌ஷாப். அவன்கிட்ட காட்டு" என்றார். அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சனிக்கிழமை அதே தவளைத் தாவலில் செனாய் போனாள். கமலநாதன் கையைத் துணியில் துடைத்தபடி வந்து, வண்டியைத் தூக்கி, "வாங்க அக்கா, வந்து பாருங்க" என்று அவளை அடியில் கூப்பிட்டான். டார்ச் அடித்துக் காட்டினான். கியர் பாக்ஸ் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன உருளை. அதிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"கிளட்ச் நல்லாத்தான் இருக்கு. மிதிய அழுத்தினா மேல் பம்பு எண்ணெயத் தள்ளும், கீழ் பம்பு கிளட்ச்சத் தள்ளும். கீழ் பம்பு லீக்காவுது. அவ்வளவுதான்."

கஸ்தூரிக்கு அவனைக் கும்பிடலாம் போலிருந்தது. அந்த நிமிஷம் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். அவன் பேச்சை அதோடு நிறுத்தவில்லை.

"எப்படியும் நான்தானே வச்சுக்கப் போறேன், மெதுவா பாத்துக்கறேன். வெல எல்லாம் விஜயன் அண்ணன் பேசிட்டாரு."

"என்ன வெல?"

கமலநாதன் டார்ச்சை அணைத்தான். "உங்களுக்குத் தெரியாதா அக்கா? காடிய நீங்க குடுத்துடப் போறீங்கன்னு அண்ணன் சொன்னாரே. நான் எடுத்துக்கறேன்னு வார்த்தை குடுத்துட்டேன்."

"யார் காடிக்கு யார் வார்த்தை குடுக்கறது?" என்று கேட்டாள் கஸ்தூரி. குரல் உயரவில்லை. "இறக்குங்க தம்பி. நான் கொண்டு போறேன்."

வீட்டில் விஜயன் மறைக்கவில்லை. "ஆமா, சொன்னேன். அந்தக் காடி எவ்ளோ தாழ்வா இருக்குன்னு பாத்தியா? கன்டெய்னர் லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியுமா அது? பாலத்துல நான் என்னென்ன பாக்கறேன்னு உனக்குத் தெரியாது. நீ வெளிய போற ஒவ்வொரு தடவையும் போன் வருமோன்னு உக்காந்திருக்கேன்."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு கஸ்தூரி ஒரு கணம் தளர்ந்தாள். அவர் பயம் பொய்யில்லை. ஆனால் பயந்தவர் தன்னிடம்தானே வந்து சொல்லியிருக்க வேண்டும்?

"பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம். நீங்க போய் ஃபோர்மன்கிட்ட சொல்லியிருக்கீங்க. நீங்க தெனம் மோட்டார்ல லாரிக்கு நடுவுல போறீங்க. உங்க மோட்டார நான் யார்கிட்டயாவது வித்தேனா?"

விஜயன் பேச்சை மாற்றி, "சரி, கம்பெனி வேணாங்கற. கமலநாதன் வேணாங்கற. யாருதான் செய்வா?" என்றார்.

"நான் செய்றேன்."

விஜயன் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பில்லை; தன்னை மீறி வந்தது. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான்.

கூலாய் உதிரிபாகக் கடையில் இணையத்தில் தேடிப் போனில் எடுத்து வைத்த படத்தைக் காட்டி கீழ் பம்பு வாங்கினாள். பஸ் கம்பெனி பட்டறையிலிருந்து ஜாக்கும், வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்டுகளும் இரவல் கேட்டு எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, போர்ச்சில் அட்டைப்பெட்டிகளை விரித்து, பழைய பூப்போட்ட பத்தேக் கைலியும் டி-ஷர்ட்டுமாக வண்டிக்கு அடியில் நுழைந்தாள். எப்படிச் செய்வதென்று போனில் பார்த்து வைத்திருந்த வீடியோவில் ஒரு ஆள் விசில் அடித்துக்கொண்டே கழற்றிய போல்ட்டு, அவளுக்கு அசையவே இல்லை. கடைசியில் திடீரென்று விட்டுக்கொடுத்தது. விரல் முட்டி போய்ச் சட்டத்தில் இடித்து ரத்தம் வந்தது. பழைய எண்ணெய் கண்ணோரம் சொட்டியது. வெளியே வந்து கழுவிக்கொண்டு, மறுபடி படுத்தாள். மதியத்துக்குள் புதுப் பம்பு உட்கார்ந்துவிட்டது.

குழாயிலிருந்த காற்றை வெளியேற்றுவதுதான் அடுத்த வேலை. மிதியை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழே திருகாணியைத் திறந்து மூட வேண்டும். விஜயனைக் கூப்பிடுவதா? கூப்பிட மாட்டாள். இருக்கைக்கும் மிதிக்கும் நடுவில் துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்து, மேலும் கீழுமாக ஓடி ஓடிச் செய்து பார்த்தாள். மிதி பஞ்சுபோல அமுங்கியது. எரிச்சலில் எண்ணெய் ஊற்றும்போது கை தவறி முன்பக்கத் தகட்டில் கொட்டியது. துடைத்துத்தான் விட்டாள்; அந்த எண்ணெய் சாயத்தை அரிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் சிவப்புச் சாயம் கொப்புளித்து உரிந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் தெரிந்தது.

விஜயன் வாசல்படியில் நின்று அதைப் பார்த்தார். "போதுமா?"

"போதாது" என்றாள்.

அந்த வாரம் முழுக்க பஸ் ஓட்டும்போதெல்லாம் அந்தக் காற்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கே நுழைகிறது? வியாழக்கிழமை, ஆலை வாசலில் காத்திருந்த நேரத்தில் பிடிபட்டது. கட்டையை எடுத்து மிதி மேலே வரும்போது, கீழே திருகாணி சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. வெளியேற்றிய காற்றைத் தானே திரும்ப உள்ளே இழுத்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு சந்திரமதியைக் கூப்பிட்டாள். சந்திரமதி தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாமானில் யாருக்கும் பயப்படாதவர். "மிதிக்கறதுதானே? காலு நல்லாத்தான் இருக்கு" என்று தொளதொளத்த கஃப்தான் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் இறங்கினார். "என்னடி இது, தரையிலயே உக்காந்த மாதிரி இருக்கு!"

"மிதிங்க அக்கா!"

"மிதிச்சாச்சு!"

"அப்படியே புடிங்க! நான் சொல்லாம காலை எடுக்காதீங்க!"

"எடுக்கல, கத்தாத!"

திருகாணியில் மாட்டியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் குமிழ்கள் வரிசையாக வந்தன. திருகாணியை இறுக்கி, "இப்ப விடுங்க" என்றாள். மறுபடி மிதி, மறுபடி பிடி. குமிழ்கள் சிறுத்தன, அரிதாயின, நின்றன. மேலே சந்திரமதி கூவினார். "கஸ்தூரி, இது என் கால எதிர்த்துத் தள்ளுது!"

கஸ்தூரி அட்டையில் படுத்தபடியே சிரித்தாள். எழுந்திருக்க மனம் வரவில்லை. முகமெல்லாம் எண்ணெய். பிறகு எழுந்து, ஸ்டாண்டுகளை எடுத்து, தாமானுக்குள்ளேயே பலமுறை சுற்றி, நின்று, கிளம்பி, மறுபடி நின்று பார்த்தாள். அடியில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து இருக்கைக்கு மாறியிருந்த சந்திரமதி அதை விட்டு இறங்க மறுத்துவிட்டார். மாலையில் இரண்டு பேரும் கூரையைத் திறந்துகொண்டு காஹாங் வரை போனார்கள். இருபக்கமும் செம்பனைத் தோட்டம், பனங்குலை ஏற்றிய லாரி ஒன்றுக்குப் பின்னால் பழ வாடை, சந்திரமதியின் தலைமுடி நாலா பக்கமும் பறந்தது. திரும்பி வந்தபோது விஜயன் கேட்டருகே நின்றிருந்தார். அவர்களைக் கண்டதும் கேட்டைத் திறந்துவிட்டார்.

எல்லா வேலையையும் தானே செய்வேன் என்று கஸ்தூரி சபதம் எதுவும் எடுக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் கியர் பாக்ஸில் ஒரு முனகல் கேட்டது. அது அட்டையில் படுத்துச் செய்யும் வேலையில்லை என்று அவளுக்குத் தெரியும். நேராகக் கமலநாதனிடம் போனாள். அவன் சங்கடத்தோடு எழுந்து நின்றான்.

"ரெண்டு விஷயம் தம்பி. விக்கறதப் பத்திப் பேச்சே வரக்கூடாது. கழட்டும்போது நான் பக்கத்துல நிப்பேன்."

"நில்லுங்க அக்கா. நாற்காலி போடறேன்."

"நாற்காலி வேணாம்."

விபத்தில் விரியும் காற்றுப்பையில் கோளாறு இருக்கலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபோது அங்கேயும் போனாள். அந்த வேலையை வீட்டில் தொடுவது முட்டாள்தனம். ரூபேந்திரன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். "அங்கிள்" என்று வாய் திறக்கவில்லை. உள்ளே விட முடியாத விதி மாறியிருக்கவில்லை. ஆனால் கழற்றும்போதும் மாட்டும்போதும் போனில் படமெடுத்து வந்து, ஒவ்வொன்றாக அவளுக்கு விளக்கினான். அவள் மூன்றாவது கேள்வியிலேயே அவனைத் திணறடித்தாள். அவன் உள்ளே ஓடிப் போய்க் கேட்டு வந்து சொன்னான்.

பிரேக் கட்டைகளை அவளே மாற்றினாள். எண்ணெய் மாற்றுவதும் அவளே. இப்போது துணிக் கூரையின் ஓரம் கிழியத் தொடங்கியிருக்கிறது. மழை நாளில் இடது தோளில் சொட்டுகிறது. எங்கே கொடுப்பது, தானே ஒட்டிப் பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போன வாரம் நனைந்த தோளோடு உள்ளே வந்தவளைப் பார்த்து விஜயன் துண்டை எடுத்து நீட்டினார். "இப்பவாவது வித்துடேன் லா" என்றார்.

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போனாள் கஸ்தூரி.