சாட்சிக்கு இரண்டு எதிரிகள்

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு செக்கர் என்றுதான் பெயர். வண்டியில் ஏறியதும் தூங்குகிறவனைத்தான் முதலில் எழுப்புவார். டிக்கெட் வாங்கியவன் அவ்வளவு சிரமப்பட்டுத் தூங்க மாட்டான் என்பார்.

வீட்டு மனிதர்களையும் அதே கண்ணோடுதான் பார்த்தார். வெளியூரில் இருந்த மகனும் மருமகளும் போன தடவை வந்தபோது, மாடிக்குத் தனி மீட்டர் உண்டா என்று மருமகள் கேட்டாள். சாப்பிட்டுக் கை கழுவப் போனவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள். கரப்பான் ஓடியது என்றாள். செக்கர் கண்ணில் எந்தக் கரப்பானும் படவில்லை.

அவருடைய கவலையெல்லாம் மகளைப் பற்றியது. முப்பத்துநாலு வயது. பார்வை மங்கிக்கொண்டே வந்து, இப்போது ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள், எழுத்து தெரியாது. ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுத்துப் பேசும் வேலை. தெருவில் கோல் இல்லாமல் நடக்க மாட்டாள். வீட்டுக்குள் வந்தால் கோலை மூலையில் சாத்திவிட்டு, மாடிப்படி பதினேழையும் துணி மூட்டையோடு விறுவிறுவென்று ஏறுவாள். தான் கண்ணை மூடியதும் மகன் வீட்டை விற்றுப் பங்கு கேட்டால் இவள் எங்கே போவாள்?

அதனால் தன் கைப்படவே உயில் எழுதினார். வீடு முழுக்க மகளுக்கு. சாட்சிக்கு வெளியாட்களைக் கூப்பிட்டால் விஷயம் கசியும். மச்சான் ஒருவர், மகள் ஒருத்தி என்று இரண்டு கையெழுத்து வாங்கினார். மகளிடம்கூட உயில் என்று சொல்லவில்லை. அண்ணன் தேனொழுகப் பேசினால் இவள் உளறிவிடுவாள் என்று பயம். கேஸ் கம்பெனிக் காகிதம் என்றார். அவர் விரல் பிடித்து வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து, மருமகள் வழக்குப் போட்டால் இது நிற்குமா என்று கேட்கக் கோர்ட்டுக்கு எதிரே பத்திரம் எழுதும் அம்மாவிடம் போனார். காகிதத்தின் மேல்பாதியைக் கையால் மூடிக்கொண்டு கீழ்ப்பாதியை மட்டும் காட்டினார்.

“இந்த ரெண்டாவது சாட்சி யாரு?”

“என் பொண்ணு.”

“வீடு யாருக்கு?”

“அவளுக்குத்தான்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “அப்ப அவளுக்கு வீடு கிடைக்காதுங்க. உங்களை மாதிரி கிறிஸ்தவங்க உயில்ல சொத்து வாங்கறவங்களே சாட்சி போட்டா, அந்தப் பங்கு செல்லாது.”

புது உயில் எழுதி ஃபீஸ் வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்து, அதே வரிசையில் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டார். இருவரும் அதையேதான் சொன்னார்கள். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று அவருக்கே தெரிந்தது.

முதலில் பார்த்த அம்மாவிடமே திரும்பி வந்து புதிதாக எழுதச் சொன்னார். இனி சாட்சிக்கு ஒட்டு உறவில்லாத இரண்டு பேர் வேண்டும். யாரை நம்புவது? டிப்போவில் பரிசோதகர்களை ஜோடி சேர்க்கும் முறை நினைவுக்கு வந்தது. ஒருவருக்கொருவர் ஆகாதவர்களாகப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். சேர்ந்து லஞ்சத்துக்குக் கை நீட்ட மாட்டார்கள்.

எதிர்வரிசை இஸ்திரிக்காரரும் சைக்கிள் கடைக்காரரும் சாக்கடைத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசுவதில்லை. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரச் சொன்னார்.

“இந்தாளு போடற காகிதத்துல நான் போடறதில்ல” என்றார் இஸ்திரிக்காரர்.

“அதுக்குத்தான்யா உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்.”

மேல்பாதியைச் செய்தித்தாளால் மூடி, இருவர் கண்ணெதிரே செக்கர் கையெழுத்துப் போட்டார். பிறகு சைக்கிள்காரர். அவர் பேனாவையே முறைத்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர், முதல் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடாமல் விட்டதைக் கண்டுபிடித்துச் சொன்னார். பதிலுக்கு சைக்கிள்காரர் இவர் தேதியைத் தப்பாகப் போட்டதைப் பிடித்தார். செக்கருக்கு உள்ளம் குளிர்ந்தது.

அப்போதுதான் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“மறுபடியும் கேஸ் காகிதமாப்பா?”

அவர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். குரலில் சண்டை இல்லை. “வீட்டை அண்ணன் பேருக்கு மாத்திட்டீங்கன்னு அன்னைக்கே நினைச்சேன். கேஸ் கம்பெனிக்கு எதுக்கு மாமா கையெழுத்து? ஆஸ்பத்திரி பக்கத்துல பெண்கள் விடுதியில இடம் சொல்லி வச்சிருக்கேன்.”

மூன்று மாதமாக ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே இதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. செய்தித்தாளை எடுத்துவிட்டு, இது கோர்ட்டுக்கு எதிரே பத்திரம் எழுதும் அம்மா எழுதிய உயில், வீடு அவளுக்குத்தான் என்று சொல்லிப் படித்துக் காட்டத் தொடங்கினார்.

“நீங்க வேண்டாம்பா. அவர் படிக்கட்டும்.”

இஸ்திரிக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் முடித்ததும் காகிதத்தைச் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுக்கச் சொன்னாள். அவரும் படித்தார். அதே கதவு எண், அதே மாடி, அதே அவள் பெயர். யாரிடமிருந்து மறைத்தாரோ அந்தத் தெருவே இப்போது வார்த்தைக்கு வார்த்தை கேட்டுவிட்டது.

சாட்சிகள் ஆளுக்கொரு பக்கமாகப் போன பிறகு செக்கர் மெல்லக் கேட்டார். “விடுதிக்கு ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறியாம்மா?”

அவள் உயிலை மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள்.

“இதை அந்தப் பத்திரம் எழுதறம்மாகிட்ட நானே ஒருதரம் கேட்டுக்கறேன். அப்புறம் சொல்லலாம்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.