சின்னார் சோதனைச் சாவடியில் நாலு கதவுகள்

1976 நவம்பர் 17, புதன்கிழமை, காலை 5 மணி 10 நிமிடம். கல்பாத்தியில் மழை இல்லை. கிழக்கே கறுத்த மேகம். நான், என் மனைவி விசாலம், டிரைவர் பழனிச்சாமி, உருப்படிகள் ஒன்பது. மூணாறு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருக்கும் மகன் வீடு வரை 163 கிலோமீட்டர்.

காருக்கு வயது பத்தொன்பது. கதவுப் பூட்டுகளுக்கோ இருபத்திரண்டு நாள். குவைத்திலிருந்து வந்த மாப்பிள்ளை கொண்டுவந்தவை அவை. முன்னால் உள்ள ஒரு விசையை அழுத்தினால், ஒவ்வொரு கதவுக்குள்ளும் இருக்கும் மின்காந்தச் சுருள் கம்பியை இழுத்து நாலையும் ஒரே சமயம் பூட்டும். பாலக்காட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் 55 ரூபாய்க்குப் பொருத்திக் கொடுத்தார். பின்கதவுகளில் சுருள் கண்ணாடியை இடித்ததால், கண்ணாடிகளை மேலே நிறுத்தி, இறக்கும் கைப்பிடிகள் இரண்டையும் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டார்.

6.25. பொள்ளாச்சி, 48 கி.மீ. ஊருக்குள் நுழைவதற்குள் பூட்டுகள் தாமாகவே மூன்று முறை ‘டக்’ என்று விழுந்தன.

“கேட்டேளா, யாரோ தட்றாப்பல இருக்கே,” என்றாள் விசாலம்.

7.30. உடுமலைப்பேட்டை, 77 கி.மீ. தூறல் தொடங்கியது, வைப்பர் அசையவில்லை. பூட்டின் வயரை வைப்பர் ஃபியூஸோடு சேர்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஃபியூஸ் எரிந்திருந்தது.

“கடை ஒம்போதுக்குத்தானுங்க தொறப்பான்,” என்றான் பழனிச்சாமி. அவன் கொழிஞ்சாம்பாறைக்காரன். “சிகரெட் பொட்டி வெள்ளிக் காயிதத்தச் சுத்தி வெச்சா ஓடுமுங்க. லாரிக்காரங்க பூராம் அப்பிடித்தானுங்க.”

தொண்ணூறு நிமிடம் காத்திருக்க எனக்கு மனமில்லை. முன்னால் மலைப்பாதை, மழை. காகிதத்தை நானே வாங்கி நான்காக மடித்து வைத்தேன். வைப்பர் ஓடியது.

8.50. சின்னார், 105 கி.மீ. தமிழ்நாடு முடிந்து கேரளம் மறுபடி தொடங்குமிடம். வனத்துறைச் சாவடியில் இறங்கிக் கையெழுத்திட வேண்டும். குரங்குகள் பதினான்கு வரை எண்ணினேன். காரில் இரண்டு சீப்பு நேந்திரம்பழமும் விசாலம் கட்டிய புளிச்சாதமும் இருந்தன. பழனிச்சாமி முன்கண்ணாடிகளை முழுக்க ஏற்றினான். செல்ஃப் சரியில்லாததால் எஞ்சினை ஓடவிட்டே இறங்கினான். விசாலம் பின் ஸீட்டில், இருபுறமும் மூட்டைகளுக்கு நடுவில். குளிர்க்காற்று பட்டால் அவளுக்கு இழுப்பு வரும், அதனால் இறங்கவில்லை.

பேனாவை எடுத்தபோது பின்னால் ‘டக்’ என்றது. திரும்பவில்லை, கையெழுத்தை முடித்தேன்.

சாவடியின் ஃபாரஸ்ட் கார்டுதான் முதலில் பார்த்தார். “சாரே, வண்டியில் புக!”

டிரைவர் கதவின் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை கசிந்தது. ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தேன். என்னிடமிருந்த மாற்றுச் சாவியைப் போட்டேன். அது திரும்பவே இல்லை. உள்ளே விசாலம் பூட்டுக் குமிழை இரண்டு விரலால் மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். அது ஒரு நூல் எழும்பி மறுபடி இறங்கியது. அவள் இருமுவது கண்ணாடி வழியே தெரிந்தது. சத்தம் சரியாகக் கேட்கவில்லை. பிறகு குமிழை விட்டு மார்பைப் பிடித்துக்கொண்டாள்.

பழனிச்சாமி கையில் கல் இருந்தது. “ஏனுங்க சார், ஒடச்சுப்போடறனுங்க!”

“கண்ணாடி வேண்டாம்! பொறு, பொறு!” என்று கத்தினேன்.

ஏன் கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேட்டரியைக் கழற்றினால் போதும் என்று ஓர் எண்ணம் ஓடியது. பானட்டைத் திறக்கும் பிடி உள்ளே இருக்கிறது என்பது அடுத்துத்தான் நினைவுக்கு வந்தது. இடையில் எத்தனை விநாடி போயிற்று? கடிகாரம் கையில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

பழனிச்சாமி பொறுக்கவில்லை. முன் இடப்பக்கக் கண்ணாடி இரண்டாவது அடியில் உடைந்தது. இடுப்பு வரை உள்ளே நுழைந்து, குமிழைத் தொடாமல், டேஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு வெள்ளிக் காகிதத்தைப் பிடுங்கினான். “ஐயோ அம்மா!” என்று கையை உதறினான். மின்சாரம் நின்றதும் நாலு கதவும் விடுபட்டன.

விசாலத்தை மதகுச் சுவரில் உட்காரவைத்தோம். கார்டு வெந்நீர் கொண்டுவந்தார். அவள் மூச்சு சீரானது 9.35க்கு. அதுவரை பழனிச்சாமி விரல்களை வாயில் வைத்துக்கொண்டு அவள் எதிரிலேயே நின்றான். புளிச்சாதத்தைக் குரங்குகள் கொண்டுபோயின, யாரும் விரட்டவில்லை.

1.40. மூணாறு. மகனுடைய தோட்டத்து ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் அருளப்பன் டிரைவர் கதவின் கீலருகே வயரைச் சுண்டிக் காட்டினார். அரை அங்குலம் செம்பு வெளியே தெரிந்தது.

“ரப்பர் குழாய் போடாம வயரை உட்ருக்கான், பாத்துக்கிடுங்க. கதவு தொறந்து அடைக்கையிலெல்லாம் தேஞ்சு, தகரத்துல பட்டு, விசையை அமுக்கினாப்பல ஆயிட்டு. நிக்காம கரண்டு போனா சுருளு வேகாம என்ன செய்யும்? நல்ல ஃபியூஸா இருந்தா அதுவே எரிஞ்சு நிறுத்தியிருக்கும்லா? வெள்ளிக் காயிதத்தை எந்தப் புண்ணியவான் வச்சது?”

“நானுங்க,” என்றான் பழனிச்சாமி, கட்டுப்போட்ட கையோடு.

“இல்லை, மடித்து வைத்தது நான்,” என்றேன்.

அருளப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஐயா என்ன உத்தியோகத்துல இருந்தீக?”

“வாத்தியார்.” முப்பத்தாறு வருடம் பௌதிகம் நடத்தினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

“குழாய் போட்டு, புதுச் சுருளு ஒண்ணு மாட்டினா திரும்பவும் ஓடும். செய்யட்டுமா?”

கழற்றச் சொன்னேன். சுருள்கள் நாலு, திருகுகள் பதினாறு. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கின. பின்கண்ணாடிகளின் கைப்பிடிகளை அங்கேயே மாட்டச் சொன்னேன்.

20ஆம் தேதி, சனிக்கிழமை, காலை 10.15. திரும்பும் வழியில் சின்னார். பலத்த மழை. குடையை எடுத்துக்கொண்டு நான் இறங்க, விசாலமும் கதவைத் திறந்தாள்.

“நனையாதே. இழுப்பு வந்துவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு உள்ளேயே இரு,” என்றேன்.

அவள் இறங்கிக் குடைக்குள் வந்து நின்றாள்.

“அன்னிக்கு நீங்கோ ‘கண்ணாடி வேண்டாம்’னு கத்தினது எனக்கு உள்ள நன்னாக் கேட்டுது.”

இருவரும் ஒரே குடையில் போய்க் கையெழுத்திட்டு வந்தோம்.

இந்தப் பூட்டுகளால் எனக்கு ஆன மொத்தச் செலவு, பழனிச்சாமியின் கைக்கு வாங்கிய மருந்தும் அவனுக்குக் கொடுத்த இருபத்தைந்தும் உட்பட, 133 ரூபாய் 75 பைசா. அதில் கண்ணாடிக்கு முப்பத்தெட்டு.