நாலு கிலோ ராஸ்பெரி

இரவீந்திரனுக்கு மணமும் ருசியும் போய் நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. கொரோனா ஒரு கிழமை காய்ச்சலோடு விட்டுப் போனது. போகும்போது மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. சுவிஸின் இன்டர்லாக்கன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பதினேழு வருடம் சோஸ் வகைகள் காய்ச்சும் அடுப்பில் நின்றவன். உப்பும் புளியும் தெரியாதவனை அடுப்பில் வைத்திருக்க முடியுமா? சட்டி கழுவும் பக்கத்துக்கு மாற்றினார்கள். "ருசி திரும்பினால் வந்து சொல்லு" என்றார் தலைமைச் சமையல்காரர் ரேத்தோ.

திரும்பவில்லை. ஆனால் ரேத்தோ தன் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர். அதில் பாதி வேலை கணக்குத்தான் என்று அவரே ஒருநாள் சொல்லியிருந்தார். நாக்கின் உதவியில்லாமல், வெறும் கணக்கால் ஒரு நல்ல பியரைச் செய்து காட்டினால், அடுப்பையும் அப்படியே பார்த்துக்கொள்வான் என்று நம்பமாட்டாரா? இரவீந்திரன் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டான்.

மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில் வீட்டுக்கு ஓடிவந்து காய்ச்சினான். இருபது லீட்டர் பியர் புளித்து அடங்கியதும் நாலு கிலோ ராஸ்பெரியைப் போட்டான்.

"பழம் போட்டா வெறி கூடுமோ?" என்று கேட்டாள் மனைவி ஜெயந்தி. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். மதுவை வாயில் வைத்தறியாதவள்.

"குறையும். நாலு கிலோவிலை சீனி இருநூறு கிராம்தான். மிச்சம் முழுக்கத் தண்ணி மாதிரி. அஞ்சு வீதத்திலை இருந்த பியர் நாலு தசம் எட்டுக்கு இறங்கும்."

சொன்னபடியே வரவேண்டும் என்ற பதைப்பில், தினமும் மூடியைத் திறந்து, கொஞ்சம் எடுத்து, அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் படித்தான். பழத்தின் சீனி புளித்து முடியும்வரை இருபது நாள். கடைசி மூன்று நாளும் எண் அசையவில்லை. கணக்குப் போட்டால் நாலு தசம் எட்டேதான். போத்தலில் அடைத்து, நுரை பிடிக்க இன்னும் இரண்டு கிழமை வைத்தான்.

"ஒரு வாய் குடிச்சுப் பார். எனக்காக."

ஜெயந்தி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். "கசக்குது. நல்லாப் புளிக்குது."

"ராஸ்பெரி புளிக்கும்தானே?"

"ஓம், அதாத்தான் இருக்கும்."

ஆறு போத்தலைக் கொண்டுபோய் ரேத்தோவிடம் கொடுத்தான். அவர் ஊற்றி, நிறத்தைப் பார்த்து மெச்சினார். ஒரு மிடறு குடித்தார். கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"மூடியை எத்தனை தரம் திறந்தாய்?"

"தினமும். அளந்து பார்க்கத்தான்."

"பழம் மேலே மிதக்கும். திறக்கத் திறக்கக் காற்றுப் படும். இது புளித்த காடியாய், வினாகிரியாகிவிட்டது, ரவி."

"எண் சரியாக வந்ததே?"

"இது அந்த எண்ணில் தெரியாது. வாயில் வைத்தால்தான் தெரியும்."

இரவீந்திரன் அடுப்பைத் தாண்டிச் சட்டி கழுவும் பக்கத்துக்குத் திரும்பினான்.

வீட்டுக்கு வந்து மிச்சப் போத்தல்களை ஒவ்வொன்றாகக் குளியல் தொட்டிக்குள் கவிழ்த்தான். வேலையால் வந்த ஜெயந்தி கதவடியில் நின்றாள்.

"வினாகிரியாம்" என்றான். "புளிக்குது எண்டு நீ சொன்னனி. நான்தான் பழம் எண்டன்."

"நல்ல பியர் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கென்னப்பா தெரியும்?"

அவளை நொந்துகொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. தொட்டிக்குள் சிவப்பாகச் சுழன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயந்தி வினாகிரி நெடி ஏறிய மூக்கைக் கையால் பொத்தாமல், அவன் காணாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் யன்னலைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே வந்தது.

"இந்தக் குளிருக்கை ஏன் திறக்கிறாய்?"

அவள் யன்னலை இன்னும் அகலத் தள்ளினாள். அவன் அடுத்த போத்தலை எடுத்தான்.