கடைசி பெஞ்சிலிருந்து பார்த்த தங்கை

எங்கள் வீட்டில் என் தங்கைக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அவளுக்குப் பேச வரும். பேச மாட்டாள், அவ்வளவுதான். அப்பா கத்திப் பேசுவார். அம்மா அதைவிடக் கத்துவாள். இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து நான் என் பங்கைக் கொட்டுவேன். இந்தச் சந்தையில் நாலாவதாக ஒருத்தி வாயைத் திறக்க இடம் ஏது? தட்டில் சோறு தீர்ந்தாலும் கேட்க மாட்டாள். அம்மாவே பார்த்து இன்னொரு கரண்டி போட்டுவிடுவாள்.

மலைமேல் எங்கள் ஊர்ப் பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுத்த வாத்தியார் ஒருநாள் சாமைக் காட்டுக்கே வந்துவிட்டார்.

"இந்தப் பொண்ணுக்கு நான் சொல்லிக்குடுக்கறது பத்தலிங்க. நான் போர்டுல கணக்க எழுதி முடிக்கறதுக்குள்ள விடைய எழுதிட்டு சன்னல பாத்துக்கினு உக்காந்திருக்குது" என்றார்.

அப்பா அதைப் புகார் என்று எடுத்துக்கொண்டார். "ரெண்டு வைங்க சார், அப்புறம் பாக்காது" என்றார்.

வாத்தியார் பொறுமைசாலி. களத்து ஓரமாக உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். கீழே சந்தவாசல் பக்கம் சில கல்லூரி ஆசிரியர்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறார்கள். சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, பாடப் புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சொல்லித் தருகிறார்கள். மதியம் சாப்பாடும் உண்டு. இவளை அனுப்பி வையுங்கள் என்றார்.

சாப்பாடு என்றதும் அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் பெண் பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்றிவிட முடியாது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நான் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டுத் தையல் பழகிக்கொண்டிருந்தேன். ஊசியும் நூலுமாக இருப்பவள் எங்கள் வீட்டார் கண்ணுக்குச் சும்மா இருப்பவள். ஆகவே துணை நான்தான் என்று முடிவாயிற்று. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

எரிச்சலோடுதான் போனேன். காலை பஸ்ஸில் இறங்கினால் சாயங்கால பஸ்ஸில்தான் ஏற முடியும். மலைப்பாதை வளைவுகளில் எனக்குக் குடலைப் பிரட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போவேன். பக்கத்தில் இவள் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து வருவாள். "இன்னாடி, ஏதாச்சும் பேசேன், எனக்கு வாந்தி வர்ற நெனப்பாச்சும் போவும்" என்பேன். சிரிப்பாள். அதோடு சரி.

வகுப்பில் கடைசி பெஞ்ச் எனக்கு. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டு பொழுதைத் தள்ளினேன். ஒரு சனிக்கிழமை அங்கே பாடம் நடத்தும் மேடம் மேசைமேல் ஒரு கூடைப் புளியை வைத்துவிட்டு, ஒரு மூட்டைப் புளியில் எத்தனை கொட்டை இருக்கும், எண்ணாமல் சொல்லுங்கள் என்றார். ஒரு கைப்பிடி எடுத்து எடைபோட்டு, அதிலுள்ள கொட்டையை எண்ணி, மூட்டை எடைக்கு ஏற்றபடி பெருக்கலாம் என்று ஒரு பையன் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"எந்த மரத்துப் புளி மேடம்?"

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. தங்கை எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஓடையோரத்து மரத்துல சதை ஜாஸ்தி, கொட்டை கம்மி. பாறமேல இருக்கற மரம் அப்டியே நேர்மாறு. மூட்டையில ரெண்டும் கலந்திருக்கும். ஒரு கைப்பிடி பத்தாது. மூட்டையில மேல, நடுவுல, அடியிலன்னு எடுத்துப் பாக்கணும்."

"மூணு எடம் போதுமா?" என்று மேடம் சீண்டினார்.

"அத எப்டிக் கண்டுபிடிக்கறதுன்னு நீங்கதான் சொல்லித் தரணும்" என்றாள் இவள். வகுப்பே சிரித்தது. இவளும் சிரித்தாள். கையை ஆட்டி ஆட்டி, பக்கத்திலிருந்த பையனின் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு போர்டுக்குப் போனாள். மதியம் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கினாள். கூடப்பிறந்தவள் நான், யாரோ வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் ஒன்றை ஒன்பதாக்குகிறவள் என்பது ஊருக்கே தெரியும். "கதை வுடாத, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றாள் அம்மா. கதாநாயகியோ மூலையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வலித்துவிடுமா?

அதன்பிறகு நான் முனகாமல் போய்வந்தேன். கொக்கி தைப்பதுகூடக் குறைந்துவிட்டது.

வருஷம் முடியும் சமயத்தில் மேடம் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். வெளியூரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே நடத்துவது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். செலவெல்லாம் அவர்களுடையது. தங்கைக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பா அம்மாவில் ஒருவர் வந்து சரி என்றோ முடியாது என்றோ இந்த மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும் என்றார்.

அம்மா ஒரே பேச்சாக மறுத்துவிட்டாள். படிக்க வைக்க மனமில்லாமல் அல்ல. "சோறு வேணும்னு கேக்கத் தெரியாத புள்ள. அம்பது பசங்களுக்கு நடுவுல யாரு பாத்துப் பாத்துப் போடுவாங்க? பட்டினி கெடந்து செத்துப்பூடும்" என்றாள். அப்பாவும் அதையே சொன்னார். நான் பார்த்ததைச் சொன்னால்தான் கதை என்கிறார்களே. தங்கை அன்று ராத்திரி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை புளி உலுக்கும் நாள். அப்பா மரத்தில் ஏற வேண்டும், பொறுக்குவதற்கும் ஆள் பற்றாது. "நீயே போய் அந்த மேடங்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடு" என்றாள் அம்மா என்னிடம்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நான் சொல்ல மாட்டேன். அனுப்ப மாட்டேன்னு சொல்றது நீதான? நீயே போ, நீயே சொல்லு. ஒனக்குப் பதிலா நான் புளி பொறுக்கறேன்" என்றேன்.

அம்மா என்னைத் திட்டிய திட்டு பஸ் கிளம்பும்வரை ஓயவில்லை. ஆனால் போனாள். தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முடியாது என்பதை முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு போனாள்.

அன்று நாள் முழுக்கக் குனிந்து புளி பொறுக்கி என் இடுப்பு கழன்றுவிட்டது. மனசெல்லாம் கீழேயே இருந்தது. சாயங்கால பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். தங்கை வழக்கம்போல வாய் திறக்காமல் முன்னால் நடந்தாள். அம்மாவும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தண்ணீர் பிடிக்கப் போகும்போது அம்மாவிடம் கேட்டேன். "முடியாதுன்னு சொல்லிட்டியா?"

"இல்ல" என்றாள். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நின்றாள். "அவ அங்க பேசறாடி. லொடலொடன்னு பேசறா. நான் கடைசில உக்காந்திருந்தேன். சாம்பார் கேட்டு வாங்கித் துன்னா."

"நான் சொன்னப்போ நம்பினியா?"

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். "நம்ம வூட்ல மட்டும் ஏன்டி கேக்க மாட்டேங்கறா?" என்றாள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும். அம்மா எல்லோருக்கும் ஒருமுறை போட்டாள். பிறகு கரண்டியை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தங்கையின் தட்டு காலியானது. அம்மா அசையவில்லை.

"புள்ள தட்டப் பாரு" என்றார் அப்பா.

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். எங்கள் வீடு அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. தங்கை தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். எங்களுக்கெல்லாம் என்ன வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

"அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றாள் கடைசியில். அம்மா போட்டாள். "கொழம்புல உப்பு கம்மியா இருக்குது" என்றாள் தங்கை அடுத்ததாக.

அப்பா தன் தட்டிலிருந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "ஆமா, கம்மிதான்."

"எப்பவுமேவாடி?" என்றாள் அம்மா.

"இல்ல. கொள்ளுக் கொழம்புல மட்டும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டேன். அப்பா சிரிக்கவில்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க ஹாஸ்டல்ல உப்பு கம்மியாப் போட்டா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

"சொல்லுவேன்."

அப்பா தலையைக் குனிந்து மிச்சச் சோற்றைப் பிசைந்தார். அம்மா உப்பு டப்பாவை எடுத்துத் தங்கையின் பக்கத்தில் வைத்தாள். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "புளிய வித்ததும் இவளுக்கு ஒரு தகரப் பொட்டி வாங்கணும்" என்றார்.

"தகரம் வேணாம்ப்பா" என்றாள் தங்கை, உப்பைத் தூவிக்கொண்டே. "சக்கரம் வெச்ச பொட்டி வேணும். நெறைய சொல்ல வேண்டியது இருக்குது, சாப்ட்டு சொல்றேன்."