நான் கூப்பிடாத மெக்கானிக்

சிறையிலிருந்து வருபவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். திருட்டு வழக்கில் தண்டனை முடிந்து எங்கள் ஒதியம்பட்டுக்குத் திரும்பிய சேகர், உள்ளே இருந்தபோது எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழுதுபார்க்கக் கற்றிருந்தான். அவனை அழைத்துக்கொண்டு வில்லியனூரில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. "ஒரு தடவ தப்பு பண்ணவன் சாவுற வரைக்கும் திருடனா?" என்று கடைசிப் பட்டறைக்காரரிடம் கத்திவிட்டே வந்தேன்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துபோனது. வேறொரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தெருவில் போன சேகர் சைக்கிளை நிறுத்தினான்.

"இன்னாக்கா, என்னக் கூப்ட்டிருக்கலாமே?"

"அவசரம்பா, உன் நம்பர் கிடைக்கல" என்றேன்.

அன்று காலையில்தான் அவனிடம் போனில் பேசியிருந்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான்.

"வூட்டுக்குள்ள வுட பயமாக்கா?"

கோபமில்லாமல்தான் கேட்டான். நான் மெக்கானிக் பக்கம் திரும்பி, அவர் கேட்காத ஸ்பேனரை எடுத்து நீட்டினேன்.

மறுநாள் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடுக்கா, எல்லாரும் அப்டித்தான்" என்றான்.

எல்லாரையும்போல நானும் ஒருத்தி என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.