வாய்க்கால் தாண்டி ஓர் ஆட்டக்காரன்

ஊரில் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுவதையும் சொன்னால் சிரிப்பார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத பையன்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்பதுதான் என் உத்தியோகம். இன்ஜினியரிங் படித்தேன். படித்த படிப்புக்கு இதுதான் கிடைத்தது. அம்மா மட்டும் 'வீட்ல இருந்தே வேலை' என்று தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள்.

செல்போனில் ஆடுகிற துப்பாக்கி ஆட்டம் அது. நான்கு பேர் சேர்ந்தால் ஓர் அணி. எல்லா அணிகளும் ஒரு தீவில் குதித்து இறங்கிச் சுட்டுக்கொள்ள வேண்டும், கடைசிவரை தாக்குப்பிடிக்கிற அணிக்கு வெற்றி. ஆடிக்கொண்டே பேசலாம் என்பதால் பேச்சும் உண்டு, பேச்சைவிட அதிகமாக ஏச்சு உண்டு. தோற்றவன் திட்டுவான். ஜெயித்தவன் அதைவிட மோசமாகத் திட்டுவான். எவனாவது புகார் கொடுத்தால், அந்தப் பேச்சில் ஒரு துண்டு எனக்கு வரும். கெட்ட வார்த்தை இருந்தால் ஒரு பொத்தான், இல்லையென்றால் வேறொரு பொத்தான். ஆட்டத்தை உருவாக்கிய கம்பெனி எங்கேயோ வெளிநாட்டில் இருந்தது. தமிழ்ப் புகார்களைச் சென்னையில் ஓர் ஒப்பந்த நிறுவனம் எடுத்து, என்னைப் போன்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது.

அதே ஆட்டத்தை என் தம்பி அடுத்த அறையில் ஆடிக்கொண்டிருந்தான்.

டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த காலம். அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தில் நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் கூட நிற்பான், மற்ற நேரம் போனும் கையுமாகக் கிடப்பான். நான் வாய்க்கு வந்தபடி கரித்துக்கொட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்று, அவன் நன்றாக ஆடினான். சும்மா சொல்லவில்லை, இந்த ஆட்டத்தில் ஆயிரம் பேரின் கூச்சலைக் கேட்டவள் சொல்கிறேன். எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அதனால் டெல்டாப் பையன்கள் சேர்ந்து அமைத்த ஒரு அணியில் அவனுக்கு இடம் கிடைத்தது. மண்டலப் போட்டியில் ஜெயிக்கிற அணியைச் சென்னையில் ஒரு குழு அப்படியே எடுத்துக்கொள்ளும், தங்க இடமும் மாதச் சம்பளமும் தரும் என்றார்கள். அப்பாவோ சிங்கப்பூர் கட்டட வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டிடம் பேசி வைத்திருந்தார். சிங்கப்பூரில் சாரம் ஏறுவதா, சென்னைக்குப் போவதா என்பது தம்பிக்கு அந்த நான்கு பேர் அணியின் கையில்தான் இருந்தது. அவனுக்கு அது விளையாட்டே இல்லை.

அணித் தலைவன் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரன். ரைஸ் மில்லும் நிலபுலனும் உள்ள வீட்டுப் பையன். நேரில் பார்த்ததில்லை. குரலை மட்டும் வைத்து ஒரு வருடப் பழக்கம், 'மச்சான், மச்சான்' என்று அப்படி ஒரு ஒட்டுதல். தம்பி விழுந்தால் குண்டு மழையில் ஓடி வந்து தூக்குவான். இந்த ஆட்டத்தில் அதுதான் முக்கியம். சுடப்பட்டவன் உடனே செத்துவிடுவதில்லை. முழங்காலில் விழுந்து தவழ்வான். அணியில் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையால் தாங்கி எழுப்பிவிட வேண்டும். யாரும் வராவிட்டால் தவழ்ந்தபடியே சாக வேண்டியதுதான்.

ஒரு மத்தியானம் தம்பியின் ஹெட்போன் பழுதாகி, ஸ்பீக்கரில் போட்டு ஆடிக்கொண்டிருந்தான். நான் தட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தலைவன் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் ஊர் வழியாக வருவதாகச் சொன்னான்.

"அப்படியே உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறேன் மச்சான். எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாப்லேர்ந்து கொஞ்சம் உள்ள வரணும்."

"அதான் எந்தத் தெரு? மேலத்தெருவா, குடியானத்தெருவா?"

"ரெண்டும் இல்ல. ஸ்கூலத் தாண்டி வரணும்."

அவன் எவனையோ சுட்டு முடித்தான். பிறகு அவன், "வாய்க்கால் தாண்டியா?" என்றான்.

"ஆமா."

"ம்" என்றான் அவன். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் சாதி கேட்க சாதி என்ற சொல் தேவையில்லை. தெருவைக் கேட்டால் போதும், வீட்டுக்கு வழி கேட்டால் போதும். நிலம் வைத்திருந்தவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவர்கள் நிலத்தில் பண்ணையாளாகக் கிடந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள் இந்தப் பக்கம். அணை திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும், தை மாசிக்குப் பிறகு பொட்டலாகக் காய்ந்து கிடக்கும். காய்ந்து கிடக்கும்போதும் அதைத் தாண்ட மாட்டார்கள். நான் தட்டைக் கழுவப் போட்டுவிட்டு வந்து வேலையில் உட்கார்ந்தேன். அன்று பிற்பகல் கேட்ட ஒலித்துண்டு எதுவும் என் காதில் ஏறவில்லை.

தலைவன் கல்யாணத்துக்கு வந்தான், போனான். வீட்டுக்கு வரவில்லை. அதற்கென்ன, போகட்டும். ஆட்டத்தில் தம்பியைத் தூக்குவதை நிறுத்திவிட்டான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு கோபம் கிடையாது. தம்பி விழுவான், "மச்சான், நான் நாக்" என்பான், விழுந்துவிட்டேன், வந்து தூக்கு என்று அர்த்தம். யாரும் வர மாட்டார்கள். முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தான். நானும் அவனுக்கு அப்படித்தான் சொன்னேன், எனக்கே நம்பிக்கையில்லாமல். அணியில் அதிராம்பட்டினத்துப் பையன் ஒருவன் இருந்தான், கடற்கரைக் காற்று மைக்கில் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும். அவன் ஒருமுறை தூக்க ஓடி வந்திருக்கிறான். "விட்றா, டைம் வேஸ்ட்" என்று தலைவன் சொல்லவும் பாதியில் திரும்பிவிட்டான். கையில் பிடித்திருக்கிற போனுக்குள், கம்ப்யூட்டர் வரைந்த ஒரு பொம்மையை, கம்ப்யூட்டர் வரைந்த இன்னொரு பொம்மை தொட வேண்டும். அதற்குக்கூட மனசு வரவில்லை.

தம்பி புகார் கொடுத்தான். குடும்பத்தார் புகாரை நாங்கள் தொடக்கூடாது என்பது விதி, அதனால் அது வேறொருவருக்குப் போய், குற்றமில்லை என்று திரும்பி வந்தது. நான் சென்னையில் இருந்த மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். நல்ல மாதிரியான அம்மா. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தூக்குவதும் தூக்காததும் ஆடுபவர் விருப்பம், அதில் புகாருக்கு இடமில்லை என்றார். தெருவைக் கேட்டதைச் சொன்னேன்.

"அட்ரஸ்தானேம்மா கேட்டிருக்காங்க? இதுல நான் எந்த வார்த்தைய மார்க் பண்றது, நீயே சொல்லு" என்றார்.

எத்தனையோ வசவுகளுக்குப் பொத்தான் வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியாத ஊர் வசவுக்கெல்லாம்கூட. வழி கேட்பதற்கு அவர்களிடம் பொத்தான் இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனிக்கும் அதன் போட்டிக் கம்பெனிக்கும் குடுமிப்பிடிச் சண்டை. இரண்டு ஆட்டமும் அச்சு அசல் ஒன்றுதான். இவன் புதுத் துப்பாக்கி விட்டால் மறுவாரம் அவன் விடுவான். இவன் பொங்கலுக்குப் பொம்மைக்கு வேட்டி கட்டினால் அவன் தீவில் காளையை அவிழ்த்துவிடுவான். கடைசியில் போட்டிக் கம்பெனி, தங்கள் ஆட்டத்தில் ஏமாற்றுக்காரர்களே இல்லை என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தது. எங்கள் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்ய நேரமாகிறது என்று சொல்லி, ஒரே ஆளின்மேல் பல பேர் புகார் கொடுத்தால் அவன் கணக்கைத் தானாகவே பூட்டிவிடும்படி வைத்தார்கள். எத்தனை பேரைப் பூட்டினோம் என்பதையே பெரிய எழுத்தில் போட்டு மார்தட்டிக்கொண்டார்கள். விளம்பரத்துக்கு எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கைக்கு ஆள் வேண்டும்.

இந்த ஏற்பாட்டை எங்களுக்கு முன்பே ஆட்டக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். எவனைப் பிடிக்கவில்லையோ, அவன்மேல் கூட்டாளிகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் புகார்ப் பொத்தானை அமுக்கினால் போதும். தலைவனுக்கு ஒரு பெரியப்பா மகன் இருந்தான், அணியில் சேரக் காத்துக்கொண்டிருந்தான். மண்டலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற வாரத்தில் தம்பியின் கணக்கு பூட்டிக்கொண்டது. ஆட்டத்தைத் திறந்தால், ஏமாற்றியதற்காகத் தடை என்று சிவப்பு எழுத்து.

அதிராம்பட்டினத்துப் பையனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தம்பி என்னிடம் காட்டினான். 'நான் அமுக்கலைன்னா என்னையும் எடுத்துடுவாங்க ப்ரோ. மன்னிச்சிடு' என்று இருந்தது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வந்தது. தலைவன்மேல் வந்ததைவிட அதிகமாகவே வந்தது.

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. அனுப்பினோம். ஆராய்ந்து பார்த்ததில் முடிவு சரியே என்று உடனே பதில் வந்தது, யாரும் ஆராயவில்லை என்று எனக்குத் தெரியும். மேற்பார்வையாளர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டு, "சிஸ்டம் எடுத்த முடிவும்மா, நம்ம கையில இல்ல" என்றார். அப்பாவுக்கு இதில் எதுவும் புரியவில்லை. புதுசாக ஒன்று ஆரம்பித்து ஆட வேண்டியதுதானே என்றார். பழைய கணக்கில் சேர்த்த தரவரிசை இல்லாமல் போட்டிக்குள் நுழையவே முடியாது என்று அவருக்கு விளக்கும் தெம்பு தம்பிக்கு இல்லை. சிங்கப்பூர் ஏஜெண்ட் கேட்ட போட்டோக்களை எடுக்கத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினான்.

அந்த அணி முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை, அன்று கேசரி கிண்டினேன். தம்பி அதைத் தொடவில்லை. "நான் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்க்கா" என்றான். அவர்களோடு தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் அவனால் இன்னமும் பேச முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்பைத் துடைக்கிற மாதிரித் திரும்பி நின்றுகொண்டேன்.

கொஞ்ச நாளில் போட்டிக் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. அங்கே அநியாயமாகப் பூட்டப்பட்டவர்களே, எங்களிடம் வாருங்கள் என்று அழைத்தது. கூடவே புதிதாக ஒரு வசதி. விழுந்தவன் பையில் ஒரு மருந்துப் பெட்டி இருந்தால், யார் உதவியும் இல்லாமல் தானே எழுந்துகொள்ளலாம். தம்பி அதற்கு மாறினான். ஏஜெண்டிடமிருந்து தகவல் வரும்வரை பொழுது போக வேண்டுமே.

"அங்க நம்மளே எந்திரிச்சுக்கலாம்க்கா. யாரும் வர வேணாம்" என்றான். நல்ல செய்தி சொல்வதைப் போலத்தான் சொன்னான்.

அதே சமயம் எங்கள் ஒப்பந்த நிறுவனத்துக்குப் போட்டிக் கம்பெனியின் வேலையும் கிடைத்தது. மேலே இரண்டும் அடித்துக்கொண்டு சாகும், குப்பையைக் கொட்டுவது மட்டும் ஒரே இடத்தில். என்னை அந்த வேலைக்கு மாற்றினார்கள். குரல்கள் மாறவில்லை, வசவும் மாறவில்லை.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் ஒரு துண்டு வந்தது. குற்றச்சாட்டு, அணியில் ஒருவன் வாயே திறப்பதில்லை, ஒத்துழைப்பதில்லை என்பது. கேட்டேன்.

"ப்ரோ, மைக் ஆன்லதான இருக்கு? பேசு ப்ரோ."

பதில் இல்லை. தூரத்தில் அறுவடை மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டெல்டா பக்கம்னு போட்டிருக்க. எந்த ஊரு ப்ரோ?"

பதில் இல்லை. மின்விசிறி ஒன்று கிரீச் கிரீச்சென்று சுற்றுவது கேட்டது. எங்கள் வீட்டு மின்விசிறியும் அப்படித்தான் சுற்றும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் குரல், "தம்பி, சோறு ஆறுது, வா" என்றது.

என் குரல். வெளியிலிருந்து கேட்கும்போது கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

ஊரைக் கேட்ட பையன் சிரித்தான். "யாரு, அக்காவா? அக்கா, அவன்தான் பேச மாட்டேங்குறான். நீங்களாவது சொல்லுங்க, எந்த ஊரு நீங்க?"

அதோடு தம்பியின் மைக் அணைந்தது, துண்டும் முடிந்தது.

திரும்பத் திரும்பக் கேட்டேன். நல்ல குரல். மரியாதையான குரல். அந்தப் பையன் சும்மா, பக்கத்து ஊர்க்காரன் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டிருக்கலாம். அடுத்து என்ன கேட்டிருப்பான் என்று அவனுக்கே அப்போது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை, இனிமேல் எந்த நல்ல குரலைப் பற்றியும் எங்களால் தெரிந்துகொள்ள முடியாது. குடும்பத்தார் விவகாரம் என்று மேலே சொல்ல வேண்டியது விதி. சொல்லவில்லை. பேசாமல் இருந்தவன்மேல் குற்றமில்லை என்று பொத்தானை அமுக்கினேன். கேட்டவன்மேலும் அமுக்க எதுவும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். தம்பி ஆடிக்கொண்டிருந்தான், முதுகு என் பக்கம் இருந்தது. திரையில் அவன் பொம்மை முழங்காலில் கிடந்து, தன் கையால் தனக்கே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அன்று முதல், அவன் சிங்கப்பூர் கிளம்பும்வரை, சாப்பிட அழைக்க வேண்டுமென்றால் நான் குரல் கொடுத்ததில்லை. உள்ளே போய், தோளைத் தொட்டுத்தான் எழுப்பினேன்.